ஈரல் நலிந்த பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

மன்னார்க் கரையோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், ஆறு கிழமைக் குழந்தையொன்றை ஆசீர்வாதத்திற்காகத் தாயார் கொண்டு வந்திருந்தார். குழந்தையின் கண்கள் மஞ்சளாக இருந்தன. "பிறந்ததிலயிருந்தே இப்படித்தான் சுவாமி, காலமை வெயில்ல பிடிக்கச் சொன்னவை" என்றார். நாமும் அதையே சொன்னோம். பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காண்பது வழமை, போய்விடும் என்று தைரியம் கூறி, நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு அனுப்பி வைத்தோம். குழந்தையின் மலம் என்ன நிறம் என்று கேட்க வேண்டும் என்பது அன்று எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூன்று கிழமைகளின் பின்னர் வீட்டுக்கு வந்த மருத்துவ மாது, குழந்தையின் துணியைப் பார்த்துத் திடுக்கிட்டார். மலம் சுண்ணாம்பைப் போல வெளிறியிருந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்கள் அடைபட்டுப் போயிருந்தன. சத்திர சிகிச்சை நடந்தபோது பிள்ளைக்கு எழுபத்தைந்து நாட்கள் ஆகிவிட்டன.

இந்த நாட்கணக்கை நாம் சும்மா எழுதவில்லை. ஜப்பானிய சத்திர சிகிச்சை நிபுணர் மொரியோ கசாய் 1950களில் கண்டுபிடித்த அந்தச் சிகிச்சை, அடைபட்ட குழாய்களை அகற்றி, குடலின் ஒரு பகுதியை நேரே ஈரலின் வாசலில் பொருத்தி விடுகிறது. பிள்ளைக்கு அறுபது நாட்கள் நிறைவதற்குள் செய்தால் பித்தம் ஓடத் தொடங்கும் வாய்ப்பு அதிகம். நாட்கள் செல்லச் செல்ல ஈரல் தழும்பு பிடித்து இறுகி விடுகிறது. தாய்வானில் 2004 ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் தாய்மாருக்கு மல நிற அட்டை ஒன்று கொடுக்கப்பட்டு வருகிறது. ஆரோக்கியமான நிறங்களும் வெளிறிய நிறங்களும் அச்சிடப்பட்ட சாதாரண அட்டை அது. அதன் பின்னர் அங்கே அறுபது நாட்களுக்குள் சிகிச்சை பெறும் குழந்தைகளின் தொகை உயர்ந்தது. ஆகவே, பதினான்கு நாட்களுக்கு மேலும் ஒரு குழந்தைக்கு மஞ்சள் மாறாதிருந்தால், அல்லது மலம் வெள்ளையாக, சாம்பல் நிறமாக, வெளிறிய மஞ்சளாக இருந்தால், வெயிலில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஆசீர்வாதத்திற்காக எம்மிடம் வருவதானால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வாருங்கள்.

அந்தப் பிள்ளையின் மஞ்சள் ஓரளவு தெளிந்தது. ஆனால் ஈரலில் ஏற்கெனவே ஏற்பட்டிருந்த தழும்பு மாறவில்லை. வீடு திரும்பிய பின்னர் அதன் கோப்பையில் என்ன போடுவது என்ற கேள்வியே குடும்பத்தை ஆட்டி வைத்தது.

பத்தியம் என்னும் பட்டினி

பதினான்கு மாதமாக இருந்தபோது அப்பிள்ளையை மீண்டும் பார்த்தோம். வயிறு பெருத்திருந்தது, கை கால்கள் ஈர்க்குச்சி போலிருந்தன. நிறை அட்டையில் கோடு பெரிதாக இறங்கவில்லை என்பதால் வீட்டார் ஆறுதலாக இருந்தார்கள். இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறோம். ஈரல் வருத்தமுள்ள பிள்ளையின் வீங்கிய ஈரலும், மண்ணீரலும், சில வேளை வயிற்றில் தேங்கும் நீரும் தராசில் நிறையாகக் காட்டும். தசை கரைந்து போவதை அது மறைத்துவிடும். ஆதலால் இத்தகைய பிள்ளைகளுக்கு மேற்கையின் நடுப்பகுதியை நாடாவால் அளப்பதே நம்பத்தக்கது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு அந்தச் சுற்றளவு 12.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் போஷாக்குக் குறைவு, 11.5 இற்குக் குறைந்தால் கடுமையான குறைவு. இந்தப் பிள்ளைக்கு 11.2 இருந்தது.

என்ன கொடுக்கிறீர்கள் என்று அம்மம்மாவிடம் கேட்டோம். குத்தரிசிக் கஞ்சித் தண்ணீர், குரக்கன் கூழ், அவித்த பூசணி, பால் கலக்காத தேநீர். எண்ணெய் இல்லை, தேங்காய் இல்லை, மீன் இல்லை, முட்டை அறவே இல்லை. "ஈரல் வருத்தக்காரப் பிள்ளைக்கு எண்ணெயும் மீனும் குடுத்தா ஈரல் தாங்குமே சுவாமி? செங்கமாரிக்குப் பத்தியம் எண்டு எங்கட அம்மாவும் இப்பிடித்தானே காத்தவ" என்றார். கூடவே வாரத்தில் மூன்று நாள் கீழ்காய்நெல்லிச் சாறு, ஊரிலுள்ள உறவினர் ஒருவர் வாங்கியனுப்பிய 'ஈரலைச் சுத்திகரிக்கும்' மாத்திரைப் போத்தல் ஒன்று, பலம் வரட்டும் என்று சுறா ஈரல் எண்ணெய். பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருந்த கிழவி அவர். ஒரு நேரமும் தவறாமல், கைப்பிழை இல்லாமல், அந்தப் பிள்ளையைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிக் கொள்ளக் கூடியதே. வளர்ந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அசுத்த நீரினால் வரும் செங்கமாரி பெரும்பாலும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ என்னும் கிருமியினால் வருவது. சில கிழமைகளில் அது தானாகவே மாறிவிடும். அந்த நாட்களில் வாய்க்கு ருசியில்லாமல், எண்ணெய் மணத்தாலே குமட்டும். எனவே எண்ணெய் தவிர்த்தவர் சுகப்பட்டார். கீழ்காய்நெல்லி குடித்தவரும் சுகப்பட்டார். ஒன்றும் செய்யாதவரும் சுகப்பட்டார். புகழ் பத்தியத்திற்குப் போயிற்று. தானாக மாறும் அந்த வருத்தத்தின் வழக்கத்தை, மாறாத ஈரல் நோயுள்ள பிள்ளையின் மேல் ஏற்றுவதுதான் ஆபத்து. கீழ்காய்நெல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1988 இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெப்பற்றைற்றிஸ் பி கிருமிக்கு அது பயன்படுவதாக லான்செற் சஞ்சிகையில் எழுதியபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் அந்தப் பயனை உறுதிப்படுத்தவில்லை. அது எப்படியிருப்பினும், அடைபட்டுப் பிறந்த பித்தக் குழாயைத் திறக்கும் வல்லமை எந்த மூலிகைக்கும் இல்லை.

ஈரல் எதைக்கொண்டு நஞ்சை முறிக்கிறது?

ஈரல் ஒரு வடிகட்டித் துணி என்றே பலரும் நினைக்கிறார்கள். அழுக்குப் பிடித்தால் கழுவ வேண்டும், வேலையைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வருகிறது. உண்மையில் ஈரல் ஒரு பட்டறை. நஞ்சை அது தேக்கி வைப்பதில்லை. ஒவ்வொரு நஞ்சையும் பிடித்து, அதனுடன் வேறொரு பொருளைப் பொருத்தி, நீரில் கரையக்கூடியதாக மாற்றி, சிறுநீர் வழியாகவோ பித்தம் வழியாகவோ வெளியே அனுப்புகிறது. பொருத்துவதற்கு வேண்டிய அந்தப் பொருட்கள் சாப்பாட்டிலிருந்து வருகின்றன.

எல்லோர் வீட்டிலுமுள்ள பரசிற்றமோலை எடுத்துக்கொள்வோம். குடித்த மருந்தின் பெரும் பகுதியை ஈரல் சுலபமாக மாற்றி அனுப்பி விடும். ஒரு சிறு பகுதி மாத்திரம் ஈரலையே சுடும் நஞ்சாக மாறுகிறது. அதைக் குளுற்றதையோன் என்ற பொருள் உடனே பிடித்து அடக்கி விடுகிறது. குளுற்றதையோன் செய்வதற்குச் சிஸ்ரீன் என்ற அமினோ அமிலம் தேவை; அது முட்டை, மீன், பால், பருப்பு போன்ற புரத உணவிலிருந்து கிடைக்கிறது. காய்ச்சலோடு மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளைக்கு இந்தக் கையிருப்பு வற்றிப் போகிறது. சாதாரண நாளில் தாங்கும் மருந்தளவே அந்த நாளில் கேடாகலாம். பரசிற்றமோல் அளவு மீறியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றப்படும் மாற்று மருந்தும் இந்தச் சிஸ்ரீனின் ஒரு வடிவமே. ஈரலுக்கு உதவ விரும்புவோர் முதலில் கோப்பையில் முட்டையை வைக்கட்டும் என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஈரலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பகலில் உண்ட மாச்சத்தின் ஒரு பங்கைச் சேமித்து வைத்து, இரவில் குளுக்கோசாக இரத்தத்திற்கு விடுகிறது. தழும்பு பிடித்த ஈரலில் இந்தக் களஞ்சியம் சிறுத்துப் போகும். இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டுக் காலை எட்டு மணி வரை வெறும் வயிற்றோடு படுக்கும் பிள்ளை, நடுநிசிக்குப் பின் தன் தசையையே கரைத்து உயிர் வாழ்கிறது. ஈர்க்குச்சிக் கைகளின் இரகசியம் இது.

புரதம் கொடுத்தால் அமோனியா கூடுமே என்று படித்தவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. புரதம் சிதையும்போது அமோனியா பிறக்கிறது. நல்ல ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுகிறது. மிக நலிந்த ஈரலால் அது இயலாதபோது மூளை மந்தமாகி, பிள்ளை பகலில் தூங்கி இரவில் விழித்து, பேச்சுக் குழறும். இதற்குப் பயந்து முன்னர் வைத்தியர்களே ஈரல் நோயாளருக்குப் புரதத்தை நிறுத்தினார்கள். அது பிழை என்று பின்னர் கண்டார்கள். தசையும் அமோனியாவைப் பிடித்து அடக்க உதவுகிறது. புரதத்தை நிறுத்தினால் தசை கரையும், அமோனியா மேலும் கூடும். இப்போது நீண்டகால ஈரல் நோயுள்ள பிள்ளைக்கு வழமையான பிள்ளையிலும் கூடுதலான புரதமே கொடுக்கும்படி சொல்கிறார்கள். மந்தம் காணும் பிள்ளைக்கு மலம் தேங்காமல் லக்ருலோசுப் பாணி கொடுத்து, புரதத்தின் அளவை வைத்தியர் தீர்மானிப்பார். வீட்டார் தாங்களாக அதை நிறுத்தலாகாது.

எண்ணெய் யாருக்கு, எந்த எண்ணெய்?

கொழுப்பைச் செரிக்கப் பித்தம் வேண்டும். பித்தம் குறைந்த பிள்ளையின் குடலில் பெரும்பாலான எண்ணெய்கள் செரியாமல் மலத்தோடு போய்விடுகின்றன. ஆனால் கொழுப்பே இல்லாமல் பிள்ளை வளர முடியாது. நோயுள்ள இந்தப் பிள்ளைக்கு அதே வயதுப் பிள்ளையிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடுதலான சக்தி தேவைப்படுகிறது. வயிறு பெருத்து, இரண்டு வாய் உண்டதும் நிரம்பி விடும் பிள்ளைக்கு, எண்ணெய் இல்லாமல் அவ்வளவு சக்தியைக் கஞ்சித் தண்ணீரால் கொடுக்கவே முடியாது.

இங்கே கடவுள் நம் தென்னையில் ஓர் உதவியை வைத்திருக்கிறார். சில கொழுப்புகளின் சங்கிலி சற்றுக் குட்டையானது. அவை பித்தத்தை அதிகம் எதிர்பாராமல் நேரே இரத்தத்தில் சேரும். வைத்தியசாலைகளில் இதற்கென்று தயாரித்த எண்ணெயையும் பால்மாவையும் எழுதிக் கொடுப்பார்கள், விலை எட்டாதது. தேங்காயெண்ணெயில் அத்தகைய மிகக் குட்டையான கொழுப்பு ஏழிலொரு பங்கு அளவுக்கு உண்டு. ஏறத்தாழ அரைப்பங்கு லோரிக் அமிலம், அதுவும் நீண்ட சங்கிலிக் கொழுப்பிலும் எளிதாகச் சேரும். ஆகவே தேங்காயெண்ணெய் அந்த மருந்து எண்ணெய்க்கு ஈடாகாது. ஆனால் ஏழை வீட்டில் கிடைக்கும் எண்ணெய்களுள் இப்பிள்ளைக்கு மிக உகந்தது. ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ நாற்பது கலோரி கிடைக்கும். அது மாத்திரம் போதாது. உடல் தானாகச் செய்ய முடியாத கொழுப்பமிலங்கள் தேங்காயில் மிகக் குறைவு. அவை நல்லெண்ணெயில் உண்டு. உழுத்தங்களி கிண்டி நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்த பழைய பழக்கத்தில் உழுந்தின் புரதமும் எண்ணெயின் சத்தும் ஒருங்கே சேர்ந்திருந்தன.

அம்மம்மாவோடு அமர்ந்து ஒரு நாளைக் கணக்கிட்டோம். பிள்ளை பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கிலோவுக்கு மூன்று கிராம் என்று வைத்தியர் சொன்னபடி, நாளுக்கு முப்பது கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம். உள்ளங்கையிலும் சிறிய மீன் துண்டு ஒன்றில் ஆறு, ஏழு. ஒரு தம்ளர் பாலில் அதேயளவு. ஒரு கரண்டி கட்டியான பருப்பில் நாலைந்து. மிச்சம் சோற்றிலும் உழுந்திலும் வந்துவிடும். கடலோரத்தில் இது எட்டாத செலவல்ல. தகப்பன் தினமும் கரையில் விற்ற மீனில் ஒரு துண்டு வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தோம். கஞ்சித் தண்ணீர் போய், பருப்பும் சோறும் மசித்துத் தேங்காயெண்ணெய் விட்ட கட்டிக் கஞ்சி வந்தது. இரவு படுக்கைக்கு முன் ஒன்பது மணிக்குப் பால் விட்ட உழுந்துக் கஞ்சி. தாய் நடுநிசியிலும் பால் கொடுத்தார். தாய்ப்பாலை நிறுத்தும்படி யாரோ சொன்னதை நல்லவேளையாக அவர் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சுத்த போசனம் என்று முட்டையையும் மீனையும் ஒளித்து வைத்த விடயமும் வெளிவந்தது. திருச்சபைச் சட்டத்தில் சுத்த போசனக் கட்டளை பதினான்கு வயது நிறைந்தவர்களுக்கே. அதுவும் இறைச்சியைப் பற்றியது. மீனும் முட்டையும் அதில் சேராது. நோயுற்ற குழந்தையைப் பட்டினி போட்டு யாரும் புண்ணியம் தேட வேண்டாம் என்று அம்மம்மாவிடம் சொன்னோம். இங்கும் அதையே எழுதி வைக்கிறோம்.

உப்பைப் பற்றி ஒன்று. வயிற்றில் நீர் தேங்கத் தொடங்கினால் உப்பைக் குறைக்க வேண்டும். அப்போது கருவாடும் ஊறுகாயும் கடைப் பொரியலும் ஆகாது. நீர் தேங்காத பிள்ளைக்கு ருசியில்லாத சாப்பாட்டைத் திணித்து, இருக்கும் பசியையும் கெடுக்கத் தேவையில்லை.

விற்றமின் துளிகளும் சுறா எண்ணெயும்

கொழுப்பு செரியாதபோது அதில் கரையும் ஏ, டி, ஈ, கே என்ற நான்கு விற்றமின்களும் சேராமல் போகின்றன. கே குறைந்தால் இரத்தம் உறையாது; சிறு தட்டலுக்குக் கன்றிப் போகும், மிகச் சிறு குழந்தைக்கு மூளைக்குள் இரத்தம் கசியவும் கூடும். டி குறைந்தால் எலும்பு மெலிந்து, தூக்கும்போதே முறியலாம். ஏ குறைந்தால் மாலைக்கண்; ஈ நெடுங்காலம் குறைந்தால் நரம்பு கெட்டு நடை தள்ளாடும். இங்கே, உணவுக்கு மேலாகச் சத்துக்களைத் தனியாகக் கொடுப்பது உண்மையாகவே அவசியம். சாதாரண பிள்ளைக்குரிய அளவு போதாது. பித்தமின்றியும் சேரக்கூடிய வடிவத்தில், கூடிய அளவில், இரத்தம் பரிசோதித்துக் கூட்டிக் குறைத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். கிளினிக்கில் கொடுக்கும் துளிகளை 'வெறும் சத்து மருந்துதானே' என்று விட்டுவிடும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அப்பிள்ளைகளுக்கு அதுவே மருந்து.

அதே காரணத்தால் சுறா ஈரல் எண்ணெயை நிறுத்தச் சொன்னோம். அதில் விற்றமின் ஏ மிகுதி. எவ்வளவு என்பது மீனுக்கு மீன் வேறுபடும். விற்றமின் ஏ ஈரலிலேயே தேங்குவது. அளவு மீறினால் ஈரலையே தழும்பாக்கும். வைத்தியர் கொடுத்த துளியும் வீட்டு எண்ணெயும் சேர்ந்தால் என்ன கணக்கென்று எவருக்கும் தெரியாது. கடையில் வாங்கும் பல்சத்து ரொனிக்குகளிலும் கவனம் வேண்டும். செம்பும் மங்கனீசும் பித்தம் வழியாகவே உடலை விட்டு வெளியேறுபவை. பித்தம் ஓடாத பிள்ளைக்கு அவை உள்ளே சேரும். இரும்புச் சத்தும் அப்படியே, இரத்தம் பார்த்த பின்னரே. துத்தநாகம் பல பிள்ளைகளுக்குக் குறைவதால் வைத்தியர் எழுதிக் கொடுப்பதுண்டு.

சுத்திகரிப்பு மாத்திரைப் போத்தலைத் திருப்பிப் பார்த்தோம். செறிவூட்டிய மஞ்சள், மிளகுச் சாறு, இன்னும் எட்டு மூலிகைகள் என்று இருந்தது. கறிக்கு இடும் மஞ்சள் பாதகமற்றது. ஆனால் செறிவாக்கி மிளகோடு சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் நல்ல ஈரல் உள்ளவர்களுக்கே ஈரல் அழற்சி ஏற்பட்டதை அண்மைய ஆண்டுகளில் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் வைத்தியர்கள் பதிவு செய்துள்ளார்கள். நலிந்த ஈரலுக்கு அந்தப் பரீட்சை வேண்டாம்.

வேம்பைக் குறை சொன்னால் நம்மவர்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சளிக்கும் வயிற்று உப்புசத்திற்கும் வேப்பெண்ணெய் பருக்கப்பட்ட மலேசியக் குழந்தைகள் சில மணி நேரத்தில் வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்ததையும், அவர்களின் ஈரலில் கொழுப்புப் படிந்திருந்ததையும் அந்நாட்டு வைத்தியர்கள் 1981 இல் வெளியிட்டார்கள். குழந்தையின் வாயில் வேப்பெண்ணெய் படக்கூடாது. ஈரல் நலிந்த குழந்தைக்குச் சொல்லவே வேண்டியதில்லை. நம் நாட்டிலே பேராதனை ஆய்வாளர்கள் 1981 இல் பிரசுரித்த ஆய்வொன்று, நாம் குடிநீராக அவிக்கும் ஆவரசிலும், கிலுகிலுப்பை இனத்திலும் ஈரலின் நுண்ணிய நாளங்களைக் கெடுக்கும் பொருட்கள் இருப்பதைக் காட்டியது. பனை மாவை நெடுநாள் தின்ற எலிகளின் ஈரலிலும் அத்தகைய சேதத்தை 1970களில் அவர்கள் கண்டார்கள். எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஒடியற்கூழில் வளர்ந்த நாமே இதை எழுதுகிறோம். என்றாலும் அந்தப் பிள்ளையின் பங்கில் கூழை விட்டுவிட்டோம்.

பூஞ்சணம் பிடித்த கச்சான், சோளம், கொப்பரா, செத்தல் மிளகாய் இவற்றின் நஞ்சு இன்னும் நேரடியானது. 1974 இல் மேற்கிந்தியாவின் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்த சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். அவித்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு அழியாது. கறுத்த, கசந்த கச்சானைப் பொறுக்கி எறியுங்கள், மிச்சப்படுத்த வேண்டாம்.

நோயின் பெயரைக் கேளுங்கள்

மேலே கூறிய உணவு முறை பித்தம் தடைப்பட்ட, தழும்பு பிடித்த ஈரலுக்குரியது. எல்லா ஈரல் நோய்க்கும் இதுவே என்று எடுத்துக்கொண்டால் பெருந்தீங்கு நேரும். பாலிலுள்ள சர்க்கரையை ஈரலால் மாற்ற இயலாமல் பிறக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலே நஞ்சாகும். அமோனியாவை யூரியாவாக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்து பிறக்கும் பிள்ளைக்குப் புரதத்தை உண்மையாகவே அளந்து குறைக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குச் சீனியும் தேனும் பழமும் ஆகாது. ஆகவே கிளினிக்கில் முதலில் கேட்க வேண்டியது நோயின் பெயர். அதை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள்; கூச்சப்பட வேண்டாம்.

வில்சன் நோய் என்பது இன்னொன்று. சாப்பாட்டில் வரும் செம்பை ஈரலால் வெளியேற்ற முடியாமல், அது ஈரலிலும் பின்னர் மூளையிலும் படியும். பொதுவாக ஐந்து வயதுக்குப் பின்னரே வெளித்தெரியும். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக் கெட்டுப் போதல், படிப்பில் பின்தங்குதல் இவையும் அறிகுறிகளாகலாம். சோம்பல் என்று அடி வாங்கும் பிள்ளைகளும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டீரல், மாட்டீரல், கணவாய், நண்டு, றால், கஜு, காளான், சொக்கலேற் ஆகாது. மருந்தை ஆயுள் முழுவதும் உண்டால் நன்றாக வாழலாம். சகோதரர்களையும் பரிசோதிக்க வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் நோய் இது. மச்சான் மச்சாள் திருமணத்திற்கு விலக்குக் கேட்டு எம்மிடம் வருவோருக்கு இதையும் எடுத்துச் சொல்வதை நாம் வழக்கமாக்கிக் கொண்டுள்ளோம்.

செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் உடலுக்கு நல்லது என்று அண்மைக்காலமாக ஒரு பேச்சு. இந்தியாவில் முன்னர் குழந்தைகளைக் கொன்ற ஓர் ஈரல் நோய் இருந்தது. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலை உண்ட குழந்தைகளின் ஈரலில் செம்பு நிறைந்திருந்ததை 1980களில் பூனா நகரில் ஆராய்ந்து கண்டார்கள். பாத்திரத்தை மாற்றும்படி தாய்மாருக்குச் சொல்லத் தொடங்கிய பின்னர் அந்நோய் வெகுவாக அருகிப் போயிற்று. பாலுக்கும் புளிக்கும் செம்பு வேண்டாம். ஈரல் நலிந்த பிள்ளைக்குத் தண்ணீருக்கும் வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் கொடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நலிந்த ஈரலுள்ள பிள்ளைக்கும், சரியான அளவில், குறைந்த நாட்களுக்கு, வைத்தியர் சம்மதித்தால் கொடுக்கலாம். பொதுவாகப் பிள்ளைகளுக்கான அளவு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், இருபத்துநான்கு மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் இல்லை. ஈரல் நோயுள்ள பிள்ளைக்கு வைத்தியர் இதிலும் குறைக்கக் கூடும். அஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டாம். ஆனால் கசாய் சிகிச்சை செய்த பிள்ளைக்குக் காய்ச்சலே ஓர் அபாய மணி: ஈரலின் பித்த வழிகளில் கிருமி தொற்றியிருக்கக் கூடும். மஞ்சள் மீண்டும் கூடினால், மலம் மறுபடி வெளிறினால், கறுப்பு மலம் போனால், இரத்தமாக வாந்தி எடுத்தால், பகலில் எழுப்ப முடியாத தூக்கம் கண்டால், இரவென்றும் பாராமல் வாகனம் பிடியுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு ஐந்து மாதங்களின் பின்னர் நாடா 12.7 காட்டியது. வயிறு இன்னும் பெரிதுதான். ஒரு காலம் ஈரல் மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம் என்று வைத்தியர்கள் சொல்லியிருக்கிறார்கள். தசையோடு அந்த நாளைச் சந்திக்கும் பிள்ளைக்கும் எலும்போடு சந்திக்கும் பிள்ளைக்கும் வேறுபாடு பெரிது என்றும் சொன்னார்கள். நாம் மாற்றலாகிப் புறப்பட்ட கிழமையில் பிள்ளைக்குக் கிளினிக். அம்மம்மா, வீட்டிலிருந்த எல்லாப் போத்தல்களையும், துளி, பாணி, மாத்திரை, பாதி தீர்ந்த சுறா எண்ணெய் உட்பட, ஒரு பன் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் டொக்டரிட்டக் காட்டுவம் சுவாமி, அவர் வேண்டாமெண்டதை அங்கயே விட்டிட்டு வாறம்" என்றார். பையின் ஓரத்தில், பிரயாணத்தில் பிள்ளைக்குக் கொடுக்கவென்று இரண்டு அவித்த முட்டைகள் இருந்தன.